இடது பக்கத்து ஸ்பீக்கர்

கீழ்வீட்டு அண்ணாச்சி என் காரில் முதன்முதலாக ஏறிய அன்று சீட் பெல்ட்டைக்கூட மாட்டவில்லை. ஒரு கையை உயர்த்தி என்னைச் சும்மா இருக்கச் சொன்னார். நான் ஏற்கெனவே சும்மாதான் இருந்தேன். பாட்டு மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"இது எத்தன நாளா இருக்கு?" என்றார்.

"எது அண்ணாச்சி?"

"பாட்டுக்குப் பின்னால கொசு மாதிரி ஒண்ணு அழுதுகிட்டே வருதே, அது. ஆக்ஸிலேட்டர மிதி. பாத்தியா, கூடுது. விடு. குறையுது. இன்னொருக்க மிதி."

ஹைதராபாத்தின் காலை நெரிசலில் மிதி, விடு, மிதி என்றால் ஓட்டுகிறவள் என்ன செய்வாள்? முன்னால் போன ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்துத் தெலுங்கில் என் வம்சத்தையே விசாரித்தார். அண்ணாச்சி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அவருக்கு அந்தக் கொசு மட்டும்தான் கேட்டது.

அவரைத் தார்நாகாவில் ஒரு பேங்க் வாசலில் இறக்கிவிட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. தார்நாகா வந்தது, போனது, அவர் இறங்கவில்லை. என் அலுவலகம் வரைக்கும் வந்தார். சாவியை வாங்கிக்கொண்டு என்னை மேலே அனுப்பிவிட்டார். மதியம் இறங்கிப் போய்ப் பார்த்தால் கார்க் கதவுகள் நான்கும் திறந்து கிடக்கின்றன, ஸ்டீரியோ வயர்களோடு வெளியே தொங்குகிறது, செக்யூரிட்டி ஒருவர் பக்கத்தில் நின்று சந்தேகமாகப் பார்க்கிறார். அண்ணாச்சி டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டபடியே அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். "ஹமாரிச் காடி, பாய். கைக்கு டென்ஷன்?" எங்கள் வண்டிதான், எதற்கு டென்ஷன் என்று ஹைதராபாத் உருதுவில்.

ஸ்டீரியோவின் எர்த் வயரை யாரோ பெயின்ட் அடித்த தகட்டின் மேலேயே வைத்து முறுக்கியிருந்தார்கள். நடுவில் பெயின்ட் இருந்தால் வயருக்கும் இரும்புக்கும் ஒழுங்கான தொடுப்பு இருக்காதாம். எஞ்சினின் இரைச்சல் ஸ்பீக்கருக்குள் புகுந்துவிடுமாம். அந்த இடத்தை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, வயரை மறுபடி முறுக்கி, எஞ்சினை உறும விட்டுக் காட்டினார். எனக்கு முன்பும் கொசு கேட்டதில்லை, அப்போதும் கேட்கவில்லை. "செத்துட்டு பாத்தியா" என்றார். நானும் தலையாட்டி வைத்தேன். பேங்க் வேலை என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"எந்த பேங்க்?" என்றார்.

இது நடந்தது நாங்கள் குஷாய்குடாவில் குடியிருந்தபோது. என் கணவருக்கு நாச்சாரத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை, வாடகையும் கையைக் கடிக்கவில்லை, அதனால் அங்கே போனோம். இப்போது ஊரின் மறுகோடிக்கு வந்துவிட்டோம். ஆனாலும் எந்தக் காரில் ஏறினாலும் அண்ணாச்சி ஞாபகம் வந்துவிடுகிறது. நான் எழுத உட்கார்ந்தது அவருடைய இடது காதைப் பற்றி. அது எங்கள் எல்லோர் கண் முன்னாலும், ஒரு காருக்குள் வைத்து, அவரை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. காப்பாற்ற நேரம் இருந்தது. அந்த நேரத்தில் அவர் ஸ்பீக்கரைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லாமல் இதை மட்டும் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

அவர் எங்கள் குடியிருப்பில் தரைத்தளத்தில் இருந்தார். பக்கத்திலிருந்த பெரிய பொதுத்துறை எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் டெஸ்டிங் பிரிவில் வேலை. அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து இளம்வயதில் வந்து இங்கேயே தங்கிவிட்டவர். நான் கோவில்பட்டிக்காரி. குடிவந்த மறுநாள் படிக்கட்டில் நின்று அம்மாவுடன் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டுக் கதவு திறந்தது. "நம்ம பக்கத்துப் பேச்சுலா இது" என்று சொல்லிக்கொண்டே ஒருவர் பனியனோடு வந்து நின்றார். அன்றிலிருந்து அவர் அண்ணாச்சி, அவர் மனைவி எனக்கு மதினி. இத்தனை வருஷத்து ஹைதராபாத் அவர் நாக்கில் ஏறியிருந்தது. சாப்பாடு போதும் என்பதற்கு "நக்கோ" என்பார், ஆமாம் என்பதற்கு "ஹவ் பிள்ள" என்பார். அச்சு அசல் திருநெல்வேலிப் பேச்சுக்கு நடுவில் அந்த "ஹவ்" வந்து விழும்போது எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

அவர் ஓர் இடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. டீயைக்கூட நடந்துகொண்டேதான் குடிப்பார். ஒரு சத்தம் கேட்டுவிட்டால் அது எங்கிருந்து வருகிறது என்று தெரியும்வரை அவருக்கு நிலைகொள்ளாது. ஒருமுறை என் மாமனார் வந்திருந்தபோது மரியாதைக்குப் பார்க்க வந்தார். மாமனார் தன் பைபாஸ் ஆபரேஷனைப் பற்றி உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பாதிப் பேச்சில் அண்ணாச்சி எழுந்தார், சத்தம் போட்ட ஃபேனை நிறுத்தினார், ஸ்டூலை இழுத்துப் போட்டு மேலே ஏறி அதன் கிண்ணத்தைக் கையால் பிடித்துத் திருகினார். "ம், சொல்லுங்க, நெஞ்ச வெட்டித் திறந்தாங்க, பெறவு?" என்று ஸ்டூல் மேல் நின்றபடியே கேட்டார். தழும்பைக் காட்டக் கழற்றிய சட்டைப் பொத்தானை மாமனார் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"கோயிலுக்குப் போனாலும் எந்த மணியில கீறல்னுதான் பாப்பாரு" என்பார் மதினி. "சாமியப் பாத்தீங்களான்னு கேட்டா முழிப்பாரு. ஊர்ல உள்ள சத்தமெல்லாம் கேக்குத மனுசனுக்கு நான் பேசுதது மட்டும் கேக்காது."

தொழிற்சாலையில் எல்லாவற்றுக்கும் மீட்டர் உண்டு. மீட்டர் சரி என்று சொன்னாலும் அண்ணாச்சி காதை வைத்துக் கேட்ட பிறகுதான் சரி என்பாராம். இதை அவரே பலமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார், கொஞ்சம் பெருமையாகத்தான் சொல்லுவார்.

அவருடைய வழி ஒன்றே ஒன்றுதான். ஒரு சமயம் என் ஹெட்ஃபோனில் ஒரு பக்கம் கேட்காமல் போயிற்று. ஃபோன்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து நான் புதிது பார்க்க ஆரம்பித்துவிட்டேன். அண்ணாச்சி ஹெட்ஃபோனைப் பிடுங்கித் தன் ஃபோனில் சொருகினார். அங்கேயும் அதே பக்கம் கேட்கவில்லை. "கோளாறு இதுகூடவே வந்துட்டு. அப்ப ஃபோன் மேல பழி சொல்லாத" என்றார். எதையும் இடம் மாற்றி வைத்துப் பார்க்க வேண்டும், கோளாறு எதோடு சேர்ந்து போகிறதோ அதில்தான் இருக்கிறது. அவ்வளவுதான் அவர் வித்தை. பொறுமை இருந்தால் யாரும் செய்யலாம் என்பார். எனக்குப் பொறுமை கிடையாது. அவருக்கும் கிடையாது என்பது என் கட்சி. பொறுமை உள்ளவன் ஒரு சத்தத்தைச் சகித்துக்கொண்டு போவானே.

அவர் மகளைப் பெண் பார்க்க வந்த கதையைக் குடியிருப்பே சொல்லிச் சிரித்தது. மாப்பிள்ளை வீட்டார் காரில் வந்து இறங்கினார்கள். கார் நிற்கும்போது பாட்டு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது, கனத்த தாளம் விழும்போதெல்லாம் முன்கதவு கிடுகிடுவென்று நடுங்கியிருக்கிறது. வாசலில் வரவேற்க நின்ற அண்ணாச்சி கும்பிட்ட கையை அப்படியே நீட்டி மாப்பிள்ளையின் அப்பாவிடம் சாவி கேட்டார். உள்ளே கேசரி வைத்தார்கள், காபி வைத்தார்கள், பெண்ணைக் கூட்டி வந்து உட்கார வைத்தார்கள். பெண்ணின் அப்பாவைக் காணோம். மதினி என்னை ஜாடை காட்டி வெளியே அனுப்பினார். நான் போய்ச் சேருவதற்குள் கதவின் உள்பக்க அட்டை தரைக்கு வந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் அண்ணாச்சி வெற்றிக் களிப்போடு ஹாலுக்குள் வந்தார். விரல் நுனியில் ஒரு பெண்பிள்ளை மாட்டுகிற ஹேர் கிளிப். சிவப்பு நிறம், அதில் கல் வேறு பதித்திருந்தது.

"இந்தச் சவந்தான் கண்ணாடி இறங்குத சந்துல விழுந்து ஸ்பீக்கர் மேல கிடந்து ஆடிக்கிட்டு இருந்துச்சு. இனி சத்தம் வராது. இந்தாங்கம்மா, உங்களுது" என்று மாப்பிள்ளையின் அம்மாவிடம் நீட்டினார்.

அந்த அம்மாள் கிளிப்பைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். "எங்க வீட்ல யாரும் இது போடறதில்லையே" என்றார். மாப்பிள்ளை கேசரியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அக்கா தங்கை கிடையாது.

அந்த இடம் முடியவில்லை. மதினி ஒரு வாரம் அண்ணாச்சியோடு பேசவில்லை. "செகண்ட் ஹேண்ட் வண்டியா இருக்கும்லா" என்று மதினி அந்தப் பையனுக்காகத்தான் பரிந்து பேசினார். மகள் மட்டும் அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு "தேங்க்ஸ் நான்னா" என்றாள். இங்கேயே படித்து வளர்ந்த பிள்ளை, நாம் தமிழில் கேட்டால் அது தெலுங்கில் பதில் சொல்லும். அடுத்த வருஷம் தானே ஒரு பையனைப் பார்த்துக் கட்டிக்கொண்டு பெங்களூர் போய்விட்டாள்.

இதையெல்லாம் சொல்லும்போது அவர் ஏதோ பித்துப் பிடித்தவர் என்று தோன்றும். எனக்கும் பல நாள் எரிச்சல்தான். ஆனால் ஒருநாள் காய்ச்சலோடு அலுவலகத்திலிருந்து திரும்பினேன். யாரிடமும் சொல்லவில்லை, பேசாமல் மாடியேறிப் போய்ப் படுத்துவிட்டேன். சற்று நேரத்தில் மதினி மிளகு ரசத்தோடு வந்து கதவைத் தட்டினார். "உங்க அண்ணாச்சிதான் அனுப்பினாரு. அந்தப் பிள்ள படியேறுத சத்தம் சரியில்ல, போய்ப் பாருன்னு" என்றார். பிறந்த வீட்டில்கூட என் காலடியை அப்படி யாரும் கேட்டதில்லை. அன்றைக்கு ரசத்தைக் குடிக்கும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்படிப்பட்ட காது அது.

ஒரு நாள் மாலை அவர் தொழிற்சாலையிலிருந்து வந்து காரை நிறுத்தினார். பழைய சாம்பல் நிறக் கார், ஆனால் உள்ளே பாட்டு கேட்டால் யாரும் இறங்க மனம் வராது. "இடது பக்கத்து ஸ்பீக்கர் போச்சு பிள்ள" என்றார். துக்கம் விசாரிப்பது போல நானும் "அடடா" என்றேன். மறுநாள் காலையில் பால்கனியிலிருந்து பார்த்தால் காரின் உள்ளே இருந்ததெல்லாம் வெளியே கிடந்தது. எனக்குத் தெரிந்து லீவே போடாத மனிதர் அன்று லீவு போட்டிருந்தார்.

இந்தக் கோளாறு இதுவரை அவர் பார்க்காத மாதிரியாக இருந்தது. ஸ்டீரியோவில் பேலன்ஸை முழுக்க இடது பக்கம் தள்ளினால் இடது ஸ்பீக்கர் மட்டும்தான் பாட வேண்டும். பாடத்தான் செய்தது. கையை வைத்தால் அது துடிப்பது தெரிந்தது. ஆனால் ஓட்டுகிறவர் இருக்கையில் உட்கார்ந்தால் சத்தம் வலது பக்கமிருந்துதான் வந்தது, அதுவும் தள்ளி எங்கோ ஒலிப்பது போல. "கைக்குத் தெரியுது, காதுக்குத் தெரியல. உள்ள எங்கனயோ ரெண்டு பக்கமும் சேந்துகிட்டிருக்கு" என்றார். வயர்களை இடம் மாற்றினார். அப்படியேதான் இருந்தது. இடது ஸ்பீக்கரை வலது பக்கமும் வலது ஸ்பீக்கரை இடது பக்கமும் மாட்டினார். அப்படியேதான் இருந்தது. எதை எங்கே மாற்றினாலும் கோளாறு எதோடும் சேர்ந்து போகாமல் நின்ற இடத்திலேயே நின்றது. அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காரைச் சுற்றிச் சுற்றி நடந்தார்.

நான் போய் அவர் இருக்கையில் உட்கார்ந்து கேட்டேன். பேலன்ஸை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை.

"எனக்கு ரெண்டு பக்கமும் ஒழுங்கா கேக்கு அண்ணாச்சி."

"அன்னைக்கி உன் வண்டியில அந்தக் கொசு உனக்குக் கேட்டுச்சா?"

"இல்ல."

"பெறவு? எறங்கு."

இறங்கினேன். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். நான் அவருக்கு இடது பக்கம் நின்று பேசினால் அவர் தலையை முழுக்க என் பக்கம் திருப்பிக்கொண்டார். முன்பெல்லாம் யார் பேசினாலும் திரும்பமாட்டார், வேலையைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்லுவார். "அண்ணாச்சி, காத ஒருக்க டாக்டர்ட்ட காட்டிருவோமா?" என்று அங்கேயே கேட்டுவிட்டேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. இத்தனை வருஷப் பழக்கத்தில் ஒரு தடவைகூட அவர் என்னிடம் கோபப்பட்டதில்லை. "என் காதச் சொல்லுதியா?" என்றார். "மொதல்ல வண்டி. பெறவு பாப்போம்."

மதினியிடம் போய்ச் சொன்னேன். அவர் அடுப்பை அணைத்தார். தலை லேசாகச் சுற்றுகிறது என்றும், குளிக்கும்போது காதில் தண்ணீர் போய்விட்டது என்றும் அண்ணாச்சி முந்தின நாள் காலையில் சொன்னாராம். நான் ஃபோனில் தேடிப் படித்தேன். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும், நாள் தள்ளத் தள்ளத் திரும்பி வரும் வாய்ப்புக் குறையும் என்று போட்டிருந்தது. அதை மதினிக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு பேரும் மாறி மாறி அவரிடம் போய் நின்றோம். அவர் கடைக்குப் போய்ப் புது ஸ்டீரியோ வாங்கி வந்தார்.

அந்த நாட்களில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்த்தேன், மீட்டிங்கில் யாரோ ஏதோ பேசுவார்கள், என் காது முழுக்கக் கீழே இருக்கும். பாட்டு ஆரம்பிக்கும், நிற்கும். கதவைச் சாத்துவார், திறப்பார். திரும்ப ஆரம்பிக்கும். ஓடிப் போய் அந்தக் காரைத் தள்ளிக்கொண்டுபோய் எங்காவது தொலைத்துவிட்டு வரலாமா என்று ஆத்திரமாக வரும். ஒரு மனிதர் தன் காதைத் தானே பறிகொடுத்துக்கொண்டிருக்கிறார், அதற்குப் பின்னணிப் பாட்டு வேறு.

பொறுக்க முடியாமல் ஒரு காலையில் என் ஃபோனில் என் கணவரை அழைத்து, பேசிக்கொண்டே இருங்கள் என்று சொல்லி, அண்ணாச்சி கையில் கொடுத்தேன்.

"இடது காதுல வைங்க அண்ணாச்சி. ஒரே ஒரு தடவ. எனக்காக."

முறைத்துக்கொண்டே வைத்தார். ஓரடி தள்ளி நின்ற எனக்கே என் கணவர் குரல் கேட்டது. அண்ணாச்சி ஃபோனைக் காதிலிருந்து எடுத்து அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தார்.

"உன் ஃபோன்லயும் ஸ்பீக்கர் போச்சு பிள்ள. ஊக்கு ஒண்ணு எடுத்துட்டு வா, சல்லடையில தூசி அடைச்சிருக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே பயமும் வந்தது. எதையும் மாற்றி வைத்துப் பார்க்காமல் விடாத மனிதர் அந்த ஃபோனை மட்டும் வலது காதுக்கு மாற்றவில்லை. அவருக்கு உள்ளுக்குள் தெரிந்துவிட்டது என்று அப்போது எனக்குப் பட்டது. தெரிந்ததைக் கேட்காமல் இருக்கத்தான் இவ்வளவு பாட்டும் போட்டுக்கொண்டிருந்தார்.

மதினி டீயோடு பின்னால் நின்றிருந்தார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். டம்ளரைக் காரின் மேல் வைத்தார். சுற்றிப் போய் இடது பக்கக் கதவைத் திறந்து, வயர்களைக் காலால் ஒதுக்கி உள்ளே உட்கார்ந்தார்.

"ஏறுங்க" என்றார் அண்ணாச்சியிடம்.

அவர் ஏறினார். நான் காருக்குப் பின்னால் போய் நின்றேன், பக்கத்தில் நிற்க ஒரு மாதிரியாக இருந்தது.

"ஸ்டீரியோவ மாத்தியாச்சு. வயர மாத்தியாச்சு. ஸ்பீக்கர மாத்தியாச்சு. இன்னும் மாத்தாதது ஒண்ணுதான் இருக்கு. திரும்பி உக்காருங்க."

"எங்க திரும்ப?"

"பின்னால பாத்து."

"பைத்தியமா உனக்கு? சீட்டு அப்படித் திரும்பாது."

"ஆளு திரும்பலாம்லா. முட்டி போடுங்க."

"முட்டி வலிக்கும்."

"வலிக்கட்டும்."

அறுபதை நெருங்குகிற மனிதர், ஸ்டியரிங்குக்கும் இருக்கைக்கும் நடுவில் உடம்பை ஒடுக்கித் திரும்பி, இருக்கையில் முட்டி போட்டு, தலை சாய்க்கும் மெத்தையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பின்கண்ணாடி வழியாக அவர் முகம் எனக்கு நேராகத் தெரிந்தது. மதினி பாட்டைப் போட்டுப் பேலன்ஸை முழுக்க ஒரு பக்கம் தள்ளினார். பிறகு மறுபக்கம் தள்ளினார்.

"இப்ப எந்தப் பக்கம் கேக்கு?"

அண்ணாச்சி ஒரு கையை எடுத்து மதினி இருந்த பக்கத்தைக் காட்டினார். அவருக்கு இதுவரை காரின் வலது பக்கமே நின்ற சத்தம் இப்போது காரின் இடது பக்கம் வந்துவிட்டது. எந்த ஸ்பீக்கர் பாடினாலும் அந்தப் பக்கம்தான். காரில் எதையும் யாரும் மாற்றவில்லை, அவர் மட்டும்தான் திரும்பியிருந்தார். அவருடைய நல்ல காது இருந்த பக்கமாகச் சத்தமும் திரும்பியிருந்தது. இதை ஒரு குழந்தைக்குப் புரிய வைப்பது போல அவர் தன் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார் என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அந்த முகத்தை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

"என்கூடவே திரும்பிட்டு" என்றார் கடைசியில்.

மதினி பாட்டை அணைத்தார். அவர் முதுகில் கையை வைத்து, "சரி, எறங்குங்க, போவோம்" என்றார்.

என் காரில்தான் போனோம். தார்நாகாவில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவர். வழியில் என் கார் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கும்போது அடியில் எதுவோ கிரீச்சிட்டது. அண்ணாச்சி ஒன்றும் கேட்கவில்லை, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். எதையாவது கேட்கமாட்டாரா என்று எனக்குத் தவிப்பாக இருந்தது.

காதைப் பரிசோதிக்கும் கண்ணாடி அறைக்குள் ஹெட்ஃபோன் மாட்டி உட்கார வைத்தார்கள். சத்தம் கேட்கும்போது கையைத் தூக்க வேண்டும். வலது காதுக்குத் தூக்கிக்கொண்டே இருந்தார். பிறகு இடது காதுக்கு வந்தபோது கை மடியிலேயே கிடந்தது. பரிசோதனை செய்த பெண் முடிந்தது என்று கதவைத் திறந்தபோது, அண்ணாச்சி ஹெட்ஃபோனைக் கழற்றி இடம் வலம் மாற்றிப் போட்டு இன்னொரு தடவை பார்க்கச் சொன்னார். அந்தப் பெண்ணும் நல்ல பெண், மறுக்காமல் செய்தாள். கை அப்போதும் அதே காதுக்குத்தான் எழுந்தது. அவராகவே ஹெட்ஃபோனைக் கழற்றி, வயரை ஒழுங்காகச் சுற்றி மேஜையில் வைத்தார்.

கொஞ்சம் முன்னாலேயே வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றார் மருத்துவர். மாத்திரை கொடுத்தார், பிறகு காதுக்குள்ளேயே ஊசியும் போட்டார். வலது காது பிரமாதமாக இருக்கிறது, வேலைக்கும் பேச்சுக்கும் குறைவிருக்காது, ஒற்றைக் காதில் திசை பிடிபடுவதுதான் சற்றுச் சிரமம் என்றார். மதினிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எனக்கும்தான். திசைதானே என்று நினைத்தேன். அண்ணாச்சி மருத்துவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இடது காது முழுதாகத் திரும்பவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுவது போலக் கேட்கிறது என்றார், அதற்கு மேல் போகவில்லை. காரை அவரே மறுபடி பூட்டிச் சேர்த்தார். ஒரு திருகாணி மிச்சமில்லை. தொழிற்சாலைக்குப் போய் வந்தார். டீயை உட்கார்ந்து குடிக்க ஆரம்பித்தார். மதினி இதைச் சந்தோஷமாகச் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்ணீர் டேங்கர் வந்து கேட்டுக்கு வெளியே நின்றது. உள்ளே வர அண்ணாச்சியின் கார் வழியை மறித்துக்கொண்டிருந்தது. அவர் பக்கத்தில் நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பால்கனியிலிருந்து "அண்ணாச்சி!" என்றேன். முதல் மாடிதான், அவர் தலைக்கு நேர் மேலே. கையை நீட்டினால் துணி உலர்த்தும் குச்சியால் அவரைத் தொட்டுவிடலாம்.

அவர் கேட் பக்கம் பார்த்தார்.

"அண்ணாச்சி, இங்க!"

மோட்டார் அறைப் பக்கம் திரும்பினார். பிறகு தன் வீட்டு வாசலைப் பார்த்தார். குனிந்து காருக்குள் பார்த்தார். நிமிர்ந்து, துணியைக் கையில் பிடித்தபடி, நின்ற இடத்திலேயே ஒரு முழுச் சுற்றுச் சுற்றினார். நான் மூன்றாவது முறை கூப்பிடவில்லை. அவர் நின்றார். துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். எந்தப் பக்கமும் பார்க்காமல், எதிரே இருந்த மதில் சுவரைப் பார்த்து, சாதாரணக் குரலில் கேட்டார்.

"எங்கன இருந்து கூப்பிடுத பிள்ள? எனக்குத் தெரியல. நீயே சொல்லு."